பழைய ஃபோர் வீல் பிக்கப்புக்கு எந்தக் கியர் ஆயில்?

காரைக்குடியில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்று கியர் ஆயில் வேண்டும் என்றாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "நைன்ட்டியா, ஒன் ஃபார்ட்டியா?" டிராக்டர்காரரும் லாரிக்காரரும் அப்படிக் கேட்டு வாங்கியே பழகிவிட்டார்கள், அதனால் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு அந்தக் கடையில் நிற்பவருக்கு, எண்ணெயின் தடிமனை மட்டும் கேட்கும் இது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5. அதைப் பார்க்காமல் வாங்கி நான் பட்ட பாடு கீழே வருகிறது.

செட்டிநாட்டில் மலையா இருக்கிறது, ஃபோர் வீல் எதற்கு என்று கேட்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரைப் பக்கம் வந்து பார்க்கலாம். மழை பெய்து இரண்டு நாள் ஆன செம்மண்ணில் விறகு ஏற்றிய வண்டியின் பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே குழி தோண்டும். தோப்பிலிருந்து தேங்காய், முள்ளுக்காட்டிலிருந்து கருவேல விறகு, ஆத்தங்குடியிலிருந்து தரைக் கல் என்று நான் ஏற்றுவதெல்லாம் கனமான சரக்கு. என் வண்டி 20 வருடம் தாண்டிய டீசல் பிக்கப். கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை இழுத்தால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இந்த மாதிரி வண்டியை வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார்கள். அடியில் இருக்கும் மற்ற எண்ணெய்களை யாரும் நினைப்பதில்லை.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜினுக்குப் பின்னால் கியர் பாக்ஸ். அதை ஒட்டியோ சற்றுத் தள்ளியோ டிரான்ஸ்பர் கேஸ். இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின்பக்கம் ஹவுசிங்குக்குப் போகும், இன்னொன்று முன்பக்க ஹவுசிங்குக்கு வரும். பட்டறையில் ஹவுசிங் என்று சொல்வது கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பானை வயிற்றைத்தான்.

ஆக, எண்ணெய் நிற்கும் இடம் நான்கு. நம் ஊர் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக வருகிறதே, அப்படி. எல்லாம் ஒரே வீடுதான். ஆனால் அடுப்படியில் புழங்குவதைக் கொண்டுபோய் முகப்பில் புழங்க மாட்டோம். ஒரே டின்னில் 8 லிட்டர் வாங்கி நான்கிலும் ஊற்றிவிடலாமா என்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது. ஒரு சில வண்டிகளில் ஊற்றலாம், பல வண்டிகளில் கூடாது. எதில் கூடாது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பேச்சு.

படுத்திருக்கும்போதே ஒவ்வொரு அறையிலும் இரண்டு பிளக்கைத் தேடுங்கள். அடியில் இருப்பது டிரெயின் பிளக், பக்கவாட்டில் பாதி உயரத்தில் இருப்பது ஃபில்லர் பிளக். சில பழைய ஹவுசிங்கில் டிரெயின் பிளக்கே இருக்காது. பின்மூடியைக் கழற்றித்தான் எண்ணெயை இறக்க வேண்டும். ஹவுசிங் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழலும் இருக்கும், பிரீதர் என்பார்கள். அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்மாய்க் கதையில் அது வருகிறது.

வண்டிப் புத்தகமும் மாற்றின பெட்டியும்

எந்த எண்ணெய் என்பதற்கு முதல் சாட்சி வண்டியோடு வந்த கையேடு. பழைய வண்டியோடு அது வந்திருக்காது, ஆனால் அநேக மாடல்களின் கையேடு இணையத்தில் கிடைக்கும். அதில் நான்கு அறைக்கும் தனித்தனியாக எண்ணெயின் பெயரும் அளவும் போட்டிருக்கும். கடைக்காரர், மெக்கானிக், நான் என்று யார் சொல்வதையும் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய வண்டியில் புத்தகமும் ஏமாற்றும். ஆர்சி புத்தகத்தில் ஒரு மாடல் இருக்கும். அடியில் வேறு வண்டியின் கியர் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு அஞ்சு கியர் பெட்டி வைப்பது ஜீப் வழி வந்த வண்டிகளில் சர்வ சாதாரணம். அதனால் விற்றவரிடமோ, வண்டியைப் பழக்கமாகப் பார்த்த மெக்கானிக்கிடமோ, "அண்ணே, இது கம்பெனிப் பெட்டியா, மாத்தின பெட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாற்றின பெட்டி என்றால், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் கையேடுதான் உங்களுக்கு வேண்டும்.

புத்தகம் பார்க்காமல் ஊகத்தில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். பழைய இசுஸு பிக்கப்புகள் சிலவற்றில் கியர் பாக்ஸுக்கே இன்ஜின் ஆயில்தான் கேட்டிருப்பார்கள். அதில் நைன்ட்டியை ஊற்றினால் காலையில் கியர் நகர அடம் பிடிக்கும். இன்னொன்று டிரான்ஸ்பர் கேஸ். ஸ்கார்ப்பியோ, ஸெனான் ஃபோர் வீல் மாடல்களில் வருவது போல, டேஷ்போர்டில் சுவிட்சைத் திருப்பினால் ஃபோர் வீல் விழும் வகை என்றால் உள்ளே சங்கிலி ஓடும். அந்த வகைக்குப் பெரும்பாலும் ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். தண்ணியாக, சிவப்பு நிறத்தில் இருக்கும். கெட்டி எண்ணெய் அதற்கு ஆகாது. லீவரால் இழுக்கும் பழைய கேஸுக்குத்தான் பெரும்பாலும் 80டபிள்யூ-90.

நம்பர் என்ன சொல்கிறது

டப்பாவில் 90, 140, 80டபிள்யூ-90 என்று போட்டிருக்கும் எஸ்ஏஇ நம்பர் எண்ணெயின் தடிமனைச் சொல்கிறது, அவ்வளவுதான். நல்லெண்ணெயா விளக்கெண்ணெயா என்பது போன்ற கேள்வி அது. எண்ணெய் எவ்வளவு தாங்கும், எவ்வளவு நாள் உழைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை.

80டபிள்யூ-90 என்பதில் டபிள்யூ சேர்ந்த முன் எண் குளிருக்கானது. 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 டிகிரியிலும், 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரியிலும், 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரியிலும் ஒரு அளவுக்கு மேல் கெட்டியாகக் கூடாது என்பது கணக்கு. நமக்கு மார்கழி விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்தினால் அதுதான் பெரிய குளிர். ஆகவே முன் எண்ணுக்காக அதிகக் காசு கொடுத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 75டபிள்யூ-90 பெரும்பாலும் சிந்தெடிக் எண்ணெயாக வரும். நல்ல எண்ணெய்தான், காலையில் முதல் கியர் மாற்றம் இலகுவாக இருக்கும். ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் எல்லாம் காய்ந்துபோன 20 வருட வண்டியில் ஊற்றினால் மறுநாளே தரையில் சொட்டு விழ வாய்ப்புண்டு. பழைய வண்டிக்கு மினரல் 80டபிள்யூ-90 போதும் என்பது என் கட்சி.

பின் எண்தான் ஓடும் சூட்டுக்கானது. தடிமனை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்; 90 என்றால் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 140 என்றால் 24 முதல் 32.5 வரை. இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கியர் ஆயில் நம்பரும் இன்ஜின் ஆயில் நம்பரும் ஒரே அளவுகோல் இல்லை. இன்ஜின் ஆயில் 40 என்பது அதே சூட்டில் 12.5 முதல் 16.3 வரை. அதாவது 40ஆம் நம்பர் இன்ஜின் ஆயிலும் 90ஆம் நம்பர் கியர் ஆயிலும் தடிமனில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிதான். 90 என்றால் 40-ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பது வெறும் பிரமை.

அப்போது 140 எதற்கு? சித்திரை வெயிலில் முழுப் பாரத்தோடு மதுரை வரை ஓடும் பின் ஹவுசிங்குக்கு, கையேடு அனுமதித்திருந்தால், 85டபிள்யூ-140 நியாயமான தேர்வு. கியர் பாக்ஸுக்கு அதை ஊற்றாதீர்கள். எண்ணெய் கெட்டியாக இருந்தால் பல்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போக நேரம் பிடிக்கும், லீவர் கையோடு மல்லுக்கட்டும். இன்னொரு சேதி: பழைய வண்டியை விற்பவர்களில் சிலர் ஹவுசிங் இரைச்சலை அமுக்கவே 140 ஊற்றி வைப்பார்கள். சோதித்து ஓட்டும்போது சத்தமே இருக்காது. நீங்கள் வாங்கி எண்ணெய் மாற்றியதும் ஊளையிடும். புது எண்ணெய் கெடுத்ததாக நினைக்காதீர்கள், அது முன்னாலேயே போன பினியன்.

ஜிஎல்-4, ஜிஎல்-5: இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்

அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த தரம் இது. 5 என்பது 4-ஐ விட ஒன்று கூடுதல், அதனால் உசத்தி என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

ஹவுசிங்குக்குள் பினியன் கிரவுனின் நடுமையத்துக்கு நேராக வராமல் கீழே இறங்கி வந்து சேர்கிறது. ஹைப்பாய்ட் என்பார்கள். அதனால் பல் மேல் பல் உருள்வதோடு நிற்காமல், பாரத்தோடு உரசிக்கொண்டே இழுபடும். அம்மியில் குழவியை அழுத்தி இழுக்கிற மாதிரி. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது, பிதுங்கி வெளியேறிவிடும். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்தை எண்ணெயில் கலக்கிறார்கள். உரசும் இடத்துச் சூட்டில் இரும்போடு அது வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலைப் போட்டுக்கொள்ளும். தோல் தேயும், பல் பிழைக்கும். இந்த மருந்து ஜிஎல்-5இல் ஜிஎல்-4-ஐப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். ஹைப்பாய்ட் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 கட்டாயம் என்பது இதனால்தான். அங்கே ஜிஎல்-4 ஊற்றி மிச்சம் பிடிக்க நினைத்தால் கிரவுன், பினியன் செட்டுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியதுதான்.

கியர் பாக்ஸுக்குள் கதை வேறு. பழைய மேனுவல் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு பித்தளை ரிங் இருக்கும். சிங்க்ரோ ரிங் என்று பெயர். நீங்கள் லீவரைத் தள்ளும்போது அந்த ரிங்தான் முதலில் போய் இரும்புக் கூம்பைப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமன் செய்கிறது. அப்புறம்தான் பல் விழும். அதாவது அது ஒரு குட்டி பிரேக். பிரேக் பிடிக்க உராய்வு வேண்டும். ஜிஎல்-5 அங்கே போய் வழுக்கினால் ரிங் பிடிக்காது, பல்லோடு பல் மோதிக் 'கர்ர்' என்று சத்தம் வரும். இது ஒரு தொல்லை. இன்னொன்று மெதுவாக நடப்பது: கந்தகத்துக்கும் பித்தளையில் உள்ள தாமிரத்துக்கும் ஆகாது. கொலுசு கறுத்துப் போவது வெள்ளியோடு கந்தகம் சேர்வதால்தான். தாமிரத்துக்கும் அதே கதி. ரிங் மேல் படிந்த கருப்புத் தோல் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உரிந்து வரும், உரியும்போது கொஞ்சம் பித்தளையையும் பெயர்த்துக்கொண்டு வரும். வீட்டுப் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். இங்கே தேய்ந்தது தேய்ந்ததுதான். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் வாசல் வழியாக நூறு தரம் வண்டி ஓட்டியும் எனக்கு இது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

என் கதை இதுதான். வண்டி வாங்கிய புதிதில், "ஜிஎல் அஞ்சுதான் உசத்தி, எல்லாத்துக்கும் ஒண்ணாப் போடுங்க" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நான்கு அறையிலும் ஜிஎல்-5 ஊற்றினேன். முதல் வாரமே லீவர் ஒரு மாதிரி இருந்தது, புது எண்ணெய், பழகட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு மாதத்தில் கோட்டையூரிலிருந்து புதுவயல் போகும்போது காலையில் இரண்டிலிருந்து மூன்று போட்டால் பெட்டி கத்த ஆரம்பித்தது. கிளட்ச் என்று நினைத்து அதற்கு ஒரு செலவு. கடைசியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் டிரெயின் பிளக்கைக் கழற்றி, இறங்கிய எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு வெயிலில் சாய்த்துக் காட்டினார். கருப்பு எண்ணெய்க்குள் பொடிப்பொடியாக மின்னியது. "தம்பி, ஒங்க வண்டி தங்கம் கக்குது" என்றார். பித்தளைத் தூள். ரிங் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்பதும் உண்மை, எல்லாப் பழியையும் எண்ணெய் மேல் போட மாட்டேன். ஆனால் ஜிஎல்-4 மாற்றிய ஒரே வாரத்தில் சத்தம் முக்கால்வாசி நின்றுவிட்டது. மூன்றாவது கியர் மட்டும் இன்றைக்கும் குளிர்ந்த காலையில் முனகும்.

கடையில் சில டப்பாக்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் சேர்த்துப் போட்டிருக்கும். பாரம் தாங்கும் விஷயத்தில் ஜிஎல்-5 எண்ணெய் ஜிஎல்-4 தேர்விலும் தேறிவிடும், அதைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்பது பல சமயம் நடப்பது. பித்தளைக்கு ஆகுமா என்பதற்கு அது பதில் இல்லை. அந்த எண்ணெயின் தொழில்நுட்பத் தாளை இணையத்தில் எடுத்துத் தாமிரப் பட்டை அரிப்புச் சோதனை என்ற வரியைப் பாருங்கள். பளபளப்பாகத் தேய்த்த தாமிரப் பட்டையைச் சூடான எண்ணெயில் முக்கி எடுத்து, எவ்வளவு கறுத்தது என்று 1ஏ முதல் 4சி வரை மதிப்பு போடுவார்கள். 1ஏ, 1பி என்றால் பட்டை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். இக்காலத்து ஜிஎல்-5 எண்ணெய்களில் பல இந்தச் சோதனையில் நன்றாகவே வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிப்புப் பயம் குறைந்திருக்கலாம். வழுக்கல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கியர் பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல்-4 என்று சொல்லியிருந்தால் ஜிஎல்-4 மட்டும் போட்ட டப்பாவைத் தேடி வாங்குவதுதான் நிம்மதி. எம்டி-1 என்று போட்டிருந்தால் அது சிங்க்ரோ இல்லாத கனரக லாரிப் பெட்டிக்கானது. அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பின் ஹவுசிங்கில் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, இருந்தால் அதற்கென்று குறிப்பிட்ட எண்ணெயோ, தனியாகச் சேர்க்கும் மருந்தோ வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் பின்பக்கம் உதறும். இருக்கிறதா என்று பார்க்க முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஃபோர் வீல் லீவரைப் பின்சக்கரத்துக்கு மட்டும் என்ற நிலையில் வைத்து, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்ப்பக்கமாக இலகுவாகச் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். சுற்றவே முரண்டு பிடித்தால் லிமிடெட் ஸ்லிப்.

பழைய எண்ணெயை இறக்குதல்

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான எண்ணெய் அடியில் படிந்த அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ரொம்பச் சூடாக வேண்டாம், கை வெந்துபோகும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பட்டறைக் குழி கிடைத்தால் உத்தமம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

இப்போது ஒரே ஒரு விதி: எந்த அறையாக இருந்தாலும் முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அப்புறம்தான் டிரெயின். பல வருடம் கழற்றாத ஃபில்லர் பிளக் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அடியைத் திறந்து எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, மேலே கழற்ற வரவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பிளக்கின் தலை வண்டிக்கு வண்டி மாறும், சிலதில் அறுகோணம், சிலதில் உள்ளே சதுரப் பள்ளம். ஸ்பேனர் கச்சிதமாக உட்காரவில்லை என்றால் கை வைக்காதீர்கள், தலை உருண்டுவிடும். முந்தின நாள் ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இறங்கும் எண்ணெயைக் கருப்பு டப்பாவில் பிடிக்காமல் வெள்ளைத் தட்டிலோ வெட்டிய தண்ணீர்க் கேனிலோ பிடியுங்கள். நிறைய சேதி சொல்லும். வெறும் கருப்பு என்றால் வயசு, பயப்பட ஒன்றுமில்லை. பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அதுவும் சாதாரணத் தேய்மானம். நகத்தில் இடறும் அளவுக்குச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, புது எண்ணெய் ஊற்றி மூடுவதில் பயனில்லை. கியர் பாக்ஸில் பித்தளை மினுமினுப்பு என்றால் என் கதை. டிரான்ஸ்பர் கேஸில் சிவப்பாக இறங்கினால் முன்னால் இருந்தவர் ஏடிஎஃப் ஊற்றியிருக்கிறார். சரியா என்று கையேட்டைப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்தின மாதிரி, அழுகின முட்டை மாதிரி நாற்றம் அடித்தால் அது கந்தக மருந்தின் வாசனை. நாற்றத்தை மட்டும் வைத்து 4 எது, 5 எது என்று பிரிக்க முடியாது, இரண்டிலும் அது உண்டு.

இன்னொரு விசித்திரமும் கண்ணில் படும். கியர் பாக்ஸில் அளவு குறைந்திருக்கும், வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. பக்கத்து டிரான்ஸ்பர் கேஸில் அளவு தாண்டி எண்ணெய் நிற்கும். நடுவில் இருக்கும் சீல் போய் ஒன்றிலிருந்து மற்றதுக்கு இறங்குகிறது என்று பொருள். ஜீப் வழி வந்த சில பழைய வண்டிகளில் இரண்டும் எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும்படியே அமைந்திருக்கும், அதில் இது கோளாறு இல்லை. அந்த மாதிரி வண்டியில் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான், கியர் பாக்ஸுக்கு ஏற்றதாக.

ஊற்றுவது

ஃபில்லர் ஓட்டை பக்கவாட்டில் இருப்பதால் டப்பாவைக் கவிழ்த்து ஊற்ற முடியாது. கையால் அமுக்கும் எண்ணெய்ப் பம்பு ஒன்று கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டு மீட்டர் டியூபும் ஒரு புனலும் போதும். ஒருவர் மேலிருந்து ஊற்ற, ஒருவர் அடியில் டியூபைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் டப்பாவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகி வேகமாக இறங்கும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். இந்த ரகப் பிக்கப்பில் ஒவ்வொரு அறையும் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டரை லிட்டருக்குள் பிடிக்கும். கணக்கை விடக் கண்ணை நம்புங்கள். ஓட்டையிலிருந்து எண்ணெய் மெல்ல வழிய ஆரம்பித்தால் நிறைந்தது. விரலை உள்ளே விட்டு மடக்கினால் எண்ணெய் தொட வேண்டும். ஒரு அரை லிட்டர் கூடுதலாக இருக்கட்டுமே என்று வண்டியைச் சாய்த்து ஊற்றுபவர்கள் உண்டு; சூட்டில் நுரைத்துப் பொங்கிச் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், பின்சக்கர டிரம்முக்குள் புகுந்தால் பிரேக்கும் போகும். பிளக்குக்குத் தாமிர வாஷர் இருந்தால் புதிது போடுங்கள். அலுமினியப் பெட்டியில் பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும்.

முன் ஹவுசிங்கை மறந்துவிடாதீர்கள். ஃபோர் வீல் எப்போதாவதுதானே போடுகிறோம் என்று அதை வருடக்கணக்கில் பார்க்கவே மாட்டார்கள். அதிலும் பெரும்பாலும் ஹைப்பாய்ட்தான், ஜிஎல்-5தான். முன் சக்கர முட்டியில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் வழிந்து சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் உள் சீல் போயிருக்கிறது.

கண்மாயில் இறங்கிய வண்டி

போன மழைக்கு முந்தின மழையில், தோப்புக்குப் போகும் பாதையில் கலுங்கு தாண்டி ஓடிய தண்ணீரில் முழங்கால் உயரத்துக்கு வண்டியை இறக்கினேன். தேவகோட்டையிலிருந்து பாரத்தோடு நேராக வந்த வண்டி, ஹவுசிங் தொட முடியாத சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். பிரீதர் சேறு அடைத்திருந்ததால் காற்று அந்த வழியாக வர முடியவில்லை, சீல் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. பத்து நாள் கழித்துப் பின் ஹவுசிங்கைத் திறந்தால் பால் காபி வந்தது. நிறமும் அதே, நுரையும் அதே.

தண்ணீர் கலந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும், படலம் நிற்காது. அன்றைக்கே மாற்ற வேண்டும். மலிவான எண்ணெயை ஒரு முறை ஊற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி இறக்கிவிட்டு, அப்புறம் நல்லதை ஊற்றினால் ஈரம் முழுதாகப் போகும். மலிவு என்றாலும் ஹவுசிங்குக்கு அதுவும் ஜிஎல்-5 ஆக இருக்கட்டும். நான் இப்போது பிரீதருக்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி, பாடிக்கு மேலே வரை ஏற்றிக் கட்டியிருக்கிறேன். செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லை. தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் நின்று ஹவுசிங்கை ஆறவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

தண்ணீர் படாத வண்டி என்றால் 40,000 கிலோமீட்டர் என்று பல கையேடுகள் சொல்லும். பாரமும் சேறும் செம்மண் புழுதியும் இருக்கும் நம் வேலைக்கு நான் 20,000-இலேயே மாற்றிவிடுகிறேன். இடையில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு அப்புறமும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து ஒரு விரல் விட்டுப் பார்ப்பது உண்டு.

இறக்கிய எண்ணெயைச் சாக்கடையிலோ ஊரணிப் பக்கமோ கொட்டாதீர்கள். வேலிக் கால்களுக்குக் கரையான் வராமல் இருக்கப் பூசுகிறோம் என்று வாங்கிப் போகவும் ஆள் வருவார்கள். அந்தக் கந்தக நாற்றம் பிடித்த எண்ணெயை வெறுங்கையால் தொட்டுப் பூசுவதும், மழையில் அது ஊறி நிலத்தில் இறங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கேனில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன், அங்கே பழைய எண்ணெய் சேகரிப்பவர் வந்து எடுத்துப் போவார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன பிரஷ்ஷும் வெள்ளை பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் படுங்கள். கியர் பாக்ஸ் பக்கத்தில் சேஸிஸ் மேல் '80-90, ஜிஎல் 4' என்றும், ஹவுசிங் மேல் '85-140, ஜிஎல் 5' என்றும் நீங்கள் ஊற்றியதற்கு ஏற்றபடி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு மெக்கானிக் எண்ணெய் சேர்க்க நேர்ந்தால் அவர் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு அறையின் பிளக்குகளையும் தடவிப் பாருங்கள்; விரல் நனைந்தால் ஒரு கால் சுற்று இறுக்கி, அளவை மறுபடி பார்த்துவிடுங்கள்.